அரக்கு போக எவ்வளவு?

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் நகைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். செயின், வளையல், தோடு, அம்மா போட்டு அனுப்பிய அட்டிகை... எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவீர்கள். எத்தனை பவுன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். வாங்கிய அன்றைக்குப் பவுன் என்ன விலை விற்றது என்பதுகூட ஞாபகம் இருக்கும். ‘அடடா, அன்னிக்கே இன்னும் ரெண்டு பவுன் வாங்கிப் போட்டிருக்கலாம்’ என்ற பெருமூச்சும் கூடவே வரும்.

சரி, அதைச் செய்தது யார்?

தெரியாது, இல்லையா? ‘உட்காரும் நாற்காலியைச் செய்தவர் பெயரும்தான் எனக்குத் தெரியாது. அதனால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், நாற்காலியைக் காட்டி ‘இது எங்க பரம்பரை நாற்காலி’ என்று நாம் பெருமைப்படுவதில்லை. நகையைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது. பாரம்பரியம், பாரம்பரியம் என்கிறோமே... உண்மையில் எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்? தங்கத்தையா, அதில் இருந்த வேலையையா?

பாரீஸில் கார்ட்டியே என்று ஒரு நகை நிறுவனம். 1847-ல் லூயி ஃப்ரான்ஸ்வா கார்ட்டியே ஆரம்பித்தது. மூன்று நிறத் தங்க வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து ‘ட்ரினிட்டி’ என்று ஒரு மோதிரம் செய்தார்கள். அது 1924-ல். ஸ்க்ரூடிரைவர் வைத்து முடுக்கிக் கையில் மாட்டிக்கொள்ளும் ‘லவ்’ வளையல் 1969-ல் வந்தது. ஆல்டோ சிபுல்லோ என்பவர் போட்ட டிசைன். இரண்டும் இன்றைக்கும் விற்கின்றன. தங்கத்தின் எடைக்கும் அவற்றின் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே பெயருக்குத்தான் காசு.

அந்தக் கம்பெனியின் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1911-ல் டெல்லி தர்பார் நடந்தபோது, ஜாக் கார்ட்டியே இந்தியாவுக்கு வந்தார். இங்கே இலை, பூ, பழம் என்று செதுக்கிய மரகதங்களையும் மாணிக்கங்களையும் வைத்துப் பின்னாளில் அவர்கள் செய்த நகைகளுக்கு ‘டுட்டி ஃப்ருட்டி’ என்று பெயர். ஏலத்துக்கு வந்தால் கோடிக்கணக்கில் போகிறது. கல்லைச் செதுக்கிய இந்தியக் கைகளின் பெயர் அதில் இல்லை. அந்தக் கதையும் நம் கதை மாதிரிதான்.

நான் சொல்ல வந்தது வேறு. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்காக 1928-ல் கார்ட்டியே ஒரு கழுத்தணி செய்து கொடுத்தது. மொத்தம் 2,930 வைரங்கள். நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் அது எப்படியோ காணாமல் போனது. ஐம்பது வருஷம் கழித்து, 1998-ல் லண்டனில் அகப்பட்டது. பெரிய கற்கள் ஒன்றுகூட இல்லை. வெறும் எலும்புக்கூடு! அந்த எலும்புக்கூட்டை கார்ட்டியே விலைகொடுத்து வாங்கி, வருஷக்கணக்கில் உட்கார்ந்து, இல்லாமல் போன கற்களுக்குப் பதிலாகச் செயற்கைக் கற்களைப் பதித்து, பழையபடி ஆக்கி வைத்திருக்கிறது.

கவனித்தீர்களா? விலைமதிப்புள்ளது எல்லாம் போய்விட்டது. வேலை மட்டும் மிச்சம். அவர்கள் அந்த வேலையை மீட்டெடுத்தார்கள். நாம் செய்வது நேர் எதிர். விலைமதிப்புள்ளதை எடுத்துக்கொண்டு, வேலையை நெருப்பில் போடுகிறோம்.

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடை. சில வருஷங்களுக்கு முன்னால், அறுந்துபோன செயினைப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியும், கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பேத்தியும் வந்தார்கள். பாட்டியின் காதுகள் தோளைத் தொட்டுத் தொங்கின. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் காது. சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு ஜோடித் தண்டட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தண்டட்டி தெரியும் அல்லவா? 2023-ல் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமா வந்தது. மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் காதில் ஊஞ்சல் மாதிரி ஆடும் நகை. இன்னும் தெற்கே போனால் பாம்படம். உருண்டை, கட்டம், முக்கோணம் என்று ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து கொட்டிய மாதிரி இருக்கும். பூ இல்லை, கொடி இல்லை, மயில் இல்லை. வெறும் கோணங்களை வைத்தே அத்தனை அழகு! பெரிய டிசைனர்கள் வரைந்து பார்க்க வேண்டிய விஷயத்தை, காலேஜ் வாசலை மிதிக்காத ஆசாரிகள் திண்ணையில் உட்கார்ந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மெல்லிய தங்கத் தகடுதான் வெளியே. உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். இல்லாவிட்டால், அவ்வளவு பெரிய உருப்படியைத் தங்கத்திலேயே செய்து காதில் மாட்ட எந்தக் குடியானவனால் முடியும்?

கடைப் பையன் எடைபோட்டான். “உள்ளே அரக்கு இருக்கு பாட்டி. உருக்கிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“அரக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாதாப்பா? அரக்கு போக எவ்வளவு தேறும், அதச் சொல்லு.”

பேத்தி காதோடு ஏதோ சொன்னாள். “வேணாம் அப்பத்தா... லோன் போட்டுக்கலாம்” என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

“கிறுக்கி! பொட்டிக்குள்ள கெடக்குறது ஒம் படிப்புக்கு ஆகட்டும். நான் செத்தா கூடவா வரப்போகுது?”

அப்புறம் பாட்டி, யாரும் கேட்காமலே கடைப் பையனிடம் சொன்னார், “எங்க ஊருக்கு வந்து போன பத்தரு செஞ்சது தம்பி. எங்க வீட்டுத் திண்ணையிலதான் உக்காந்து செஞ்சாரு. எங்க ஆத்தா பக்கத்துலயே உக்காந்திருந்தா, எந்திரிக்கவே மாட்டா.” அந்தப் பத்தரின் பெயரையும், ஊரையும் சொன்னார். பையன் தலையாட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினான். மொத்த எடை, கழிவு, நிகர எடை, இன்றைய விலை. பத்தர் பெயருக்கு அந்த பில்லில் கட்டம் இல்லை.

பாட்டி செய்தது தப்பா? நிச்சயமாக இல்லை. வைகையில் தண்ணீர் வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் வெயில் என்று பிழைக்கிற பூமி இது. இங்கே ஒரு பெண்ணின் காதில் தொங்கியது அலங்காரம் மட்டும் அல்ல. அதுதான் அவள் பேங்க். மழை பொய்த்தால், மாடு செத்தால், மகள் பிரசவத்துக்கு வந்தால் எடுத்து விற்பதற்கென்றே போட்டுக்கொண்டது. அது ஒரு பெண்ணைப் படிக்க வைக்கும் என்றால், உலகத்து மியூசியங்கள் எல்லாம் சேர்ந்து தர முடியாத மரியாதை அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘ஐயோ, பழைய நகையெல்லாம் போச்சே’ என்று உருகுகிற நமக்கு, அந்தக் காது பட்ட பாடு தெரியுமா? பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திணித்துப் பெரிதாக்கி, பிறகு குணுக்கு என்கிற கனமான வளையத்தை மாட்டி, சதை இழுபட்டு இழுபட்டுத் தோள்வரை இறங்கவேண்டும். சீழ் பிடிக்கும். பாரம் தாங்காமல் அறுந்துபோவதும் உண்டு. அத்தனையும் தாங்கி வளர்த்த காதைப் பிற்பாடு டவுன்காரர்கள் ‘பட்டிக்காடு’ என்று சிரித்தார்கள். மகள் வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு, டாக்டரிடம் போய்க் காதை வெட்டித் தைத்துக்கொண்ட பாட்டிகள் எத்தனையோ பேர். ஆகவே, ‘பேத்திகளும் காது வளர்க்க வேண்டும்’ என்று யாராவது பாரம்பரியத்தின் பேரால் சொன்னால், அவர் காதில் முதலில் குணுக்கைத் தொங்கவிடலாம்.

நகை உருகட்டும். காது பழையபடி இருக்கட்டும். என் கவலை அந்த பில்லில் இல்லாத கட்டத்தைப் பற்றித்தான்.

ஒரு நகையை வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று தனியாகப் போடுகிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். அதே நகையை விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும் விலை. செய்கூலிக்கு விலை இல்லை. தங்கத்துக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு, உழைப்புக்குக் கிடையாது. நகைப் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் விடிகாலையில் மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் அள்ளிப் போய்ச் சலித்து, தங்கப் பொடியைத் தேடுகிறவர்கள் உண்டு. தூசியாக விழுந்த தங்கத்தைக்கூட நாம் விடுவதில்லை. செய்தவன் பெயர்தான் சாக்கடையோடு போகிறது.

இது இன்று நேற்றுப் பழக்கமா? மதுரை ஊரே ஒரு நகை வழக்கில் எரிந்த ஊர்தானே!

சிலப்பதிகாரத்தை ஒரு நகைக் கதையாக மட்டும் யோசித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பைப் பார்க்கிறான். பழியை அவன்மேல் போடுகிறான். வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்றுபோல. உள்ளே இருந்த பரல்தான் வேறு. அரசியுடையது முத்து, கண்ணகியுடையது மாணிக்கம். உடைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரிந்தது. அதற்குள் கோவலன் தலை போய்விட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும், அரக்கா தங்கமா என்று நாம் உருக்கித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் திருட்டுப் பொற்கொல்லனுக்கு இளங்கோவடிகள் பெயர் வைக்கவில்லை. பரவாயில்லை, திருடனுக்கு எதற்குப் பெயர்? கண்ணகியின் சிலம்பைச் செய்த கைகாரனுக்கும் பெயர் இல்லை. ஆனால், கதையின் இன்னொரு பகுதியைப் பலர் மறந்துவிடுகிறோம். கண்ணகியின் கோபத்தைத் தணிக்க, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர்கள் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான் என்று காப்பியம் சொல்கிறது. திருடியவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். கதையோ நிஜமோ, அந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. பழி என்றால் ஆயிரம் பேருக்கும் பங்கு, புகழ் என்றால் ஒருவருக்கும் இல்லை.

‘தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்’ என்று ஒரு பழமொழி. அம்மாவின் நகையிலேயே கொஞ்சம் திருடுவானாம். அந்தப் பாட்டியின் ஆத்தா ஏன் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? பத்தரை வீட்டுக்கு வரவழைத்து, எதிரில் ஒரு ஆளைக் கண்கொத்திப் பாம்பாக உட்காரவைத்து வேலை வாங்கிய சமூகம் நாம். அவர் கையில் இருக்கும் தங்கத்தைப் பார்த்தோம், கையைப் பார்க்கவில்லை.

சர்க்காரும் கொஞ்ச காலம் அப்படித்தான் நடந்துகொண்டது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் சுத்தமான தங்கத்தில் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். தங்கம் கடத்தலில் வருவதைத் தடுப்பதுதான் நோக்கம். அதில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால், நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்களில் அடுப்பு அணைந்தது. தற்கொலைகள் நடந்தன. 1968-ல் அது சட்டமாகவே ஆனது. 1990-ல்தான் ரத்தானது. தங்கத்தை எங்கே பதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிய கண்ணுக்கு, அதை அடித்து நீட்டிப் பிழைத்தவர்கள் தாமதமாகத்தான் தெரிந்தார்கள்.

இப்போது ஹால்மார்க் காலம். 2021-லிருந்து படிப்படியாகக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து எண் கொண்ட ஒரு அடையாளம். மொபைல் ஆப்பில் அதைத் தட்டினால் சுத்தம் எவ்வளவு, எந்தக் கடை பதிவுசெய்தது, எந்த மையம் சோதித்தது என்ற விவரங்கள் வரும். மிக நல்ல விஷயம். ஏமாறாமல் தப்பிக்கிறோம். அந்த ஆறு எழுத்துக்குள் உலோகத்தின் ஜாதகமே இருக்கிறது. செய்த மனிதருக்குத்தான் இடம் இல்லை.

‘கூலி கொடுத்தாச்சே, அதோடு கணக்கு தீர்ந்தது’ என்று சிலர் சொல்லலாம். கூலி தீர்ந்தது, சரி. நன்றி தீர்ந்ததா? ஆபரேஷனுக்கு ஃபீஸ் கொடுக்கிறோம். அதற்காக, உயிரைக் காப்பாற்றிய டாக்டரின் பெயரை மறந்துவிடுகிறோமா? கூலி என்பது அவர் செலவழித்த நேரத்துக்கு. பெயர் என்பது அவர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன அழகுக்கு. இரண்டும் வேறு வேறு கணக்கு.

இன்னும் சிலர் பெரிய தத்துவமாக ஒன்று சொல்வார்கள். ‘நம் நாட்டுக் கலைஞன் பெயருக்கு ஆசைப்படாதவன். கையெழுத்துப் போடுவது வெள்ளைக்காரன் புத்தி.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறதே! ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகளைப் பற்றியும் அதே கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை கழஞ்சு, எத்தனை முத்து, எந்தக் கல்லில் என்ன குறை, அரக்கையும் சேர்த்து எடை எவ்வளவு என்பது வரை. ஆக, எழுதத் தெரியாத சமூகம் இல்லை நாம். யார் பெயரை எழுதுவது என்பதில்தான் தேர்வு செய்திருக்கிறோம். தன் பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அவன் சார்பில் நாம் அதைச் சொல்லக் கூடாது. இன்னொருவருடைய தியாகத்தை நாம் அறிவிப்பது எவ்வளவு சௌகரியம்!

மதுரையிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1812 முதல் 1828 வரை இங்கே கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டர், மீனாட்சி அம்மனின் குதிரை வாகனத்துக்காகக் கல் பதித்த தங்க அங்கவடிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார். இடி மழை இரவு ஒன்றில் அம்மன் சிறுமியாக வந்து அவரைக் காப்பாற்றியதாக ஊரில் கதை. இருநூறு வருஷம் கழித்தும் ‘பீட்டர் பாண்டியன்’ என்று அவரை நினைவு வைத்திருக்கிறது மதுரை. மனசார கொடுத்தவர், நினைக்க வேண்டியதுதான். அந்த அங்கவடியில் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பதித்தவர் யார் என்று மாசி வீதியில் நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் கோயில் இருக்கும்வரை நிற்கிறது. செய்தவர் பெயர் அவர் பேரன் காலத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், எனக்கு ஒரு பதில்தான் தெரியும். பெயர் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம். ‘யாரோ ஒரு ஆசாரி’ என்றால் கூலியில் பத்து ரூபாய் குறைக்க மனசு வரும். ‘நம்ம இன்னார்’ என்றால் வராது. இன்றைக்கு நகைப் பட்டறைகளில் புகையிலும் ஆசிட் நெடியிலும் குனிந்து உட்கார்ந்திருக்கும் பையன்கள் நமக்கு ‘யாரோ’தான். அவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், நாற்பது வயதில் கண் என்ன ஆகிறது என்று நாம் கேட்பதே இல்லை. கடை வாசலில் பளபளக்கும் விளம்பரத்தில் நகை போட்டுக்கொண்ட நடிகையின் முகம் இருக்கிறது. கடை முதலாளியின் முகமும் இருக்கிறது. மூன்றாவது முகத்துக்கு அந்தப் போர்டில் இடமா இல்லை?

கார்ட்டியேயைப் போல நாமும் கம்பெனி வைத்து, பெயரை விற்றுக் கோடி சம்பாதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கேயும் கம்பெனி பெயர்தான் பெரிதாக இருக்கிறது. கல் பதிக்கும் தொழிலாளியின் பெயர் மோதிரத்தில் வருவதில்லை. எனக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம். செலவும் இல்லாதது.

உங்கள் வீட்டில் ஒரு அப்பத்தாவோ அம்மாச்சியோ இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “இந்த நகையை யார் செஞ்சா? எந்த ஊர்க்காரர்? காது வளர்க்கும்போது ரொம்ப வலிச்சுதா?” சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நகையை ஒரு போட்டோ எடுங்கள். அதன்பிறகு அவசரத்துக்கு விற்பதானால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை புது நகை வாங்கும்போது, ஒரு கிராமுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கேட்பதற்கு முன்னால், “இதை யாருங்க செஞ்சாங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் முதலில் விழிப்பார். நூறு பேர் கேட்டால், யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால், பில்லில் ஒரு கட்டம் போட்டாலும் போடுவார்.

தங்கம் எத்தனை முறை உருகினாலும் தங்கம்தான். அதைக் காப்பாற்ற நாம் தேவையே இல்லை. அரக்கு, வேலை, வலி, பெயர்... இவைதான் நெருப்பில் நிற்காதவை. பேத்திக்கு எழுதிவைக்க வேண்டியது எதை என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.